ஒரு வீட்டில் இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டி ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளை, இப்போது குடும்பமாகிவிட்டா, போன கிழமை மெசேஜ் போட்டிருந்தா. "டீச்சர், மெஷ் வைஃபை செட் ஒண்டு வாங்கியிருக்கம். ரவுட்டர் மோட்ல விடவா, ஆக்சஸ் பொயின்ட் மோட்ல போடவா? சேர்ட்டயும் கேட்டுச் சொல்லுங்க." ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். உங்கள் வீட்டில் கம்பெனி தந்த ரவுட்டர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் ஆக்சஸ் பொயின்ட் மோட்டில் போடுங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியை நாங்கள் விளங்கிக்கொள்ள முன் சில பிள்ளைகள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். எங்கள் வீட்டில் இருவரும் படிப்பிக்கிறவர்கள், அதில் ஒருவர் வரலாறு. எனவே இந்தக் கதையும் வரலாறாகத்தான் வரும்.

2022 ஜூலை மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கின்றன. அவற்றின் நிழலில் வாழ்கிற எங்களுக்கு ஒரு லீட்டர் பெற்றோல் இல்லை. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் பூட்டு. உயர்தரப் பரீட்சை தள்ளித் தள்ளிப் போய் 2023 ஜனவரியில் நடக்க இருந்தது. டேட்டா போடப் பிள்ளைகளிடம் காசில்லை. அப்போது எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குப் பின்னால் வகுப்பு எடுக்கிற கொட்டிலில் பழைய கொம்பியூட்டர் ஒன்று கிடந்தது. கடந்தகால வினாத்தாள்கள், புள்ளியிடும் திட்டங்கள், பதிவு செய்த பாடங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். பிள்ளைகள் வந்து எங்கள் வைஃபையில் இணைந்து, பிரவுசரில் ஒரு இலக்கத்தை அடித்தால் போதும். எல்லாம் போனுக்கு இறங்கிவிடும். இன்டர்நெட்டே தேவையில்லை, ஒரு சதமும் போகாது. இலக்கத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்தோம்: 192.168.68.50.

முன் அறையில் கம்பெனி தந்த பைபர் ரவுட்டர். அதன் சிக்னல் கொட்டில்வரை எட்டாது. கத்தாரில் இருக்கிற மச்சான் மூன்று பெட்டி உள்ள மெஷ் செட் ஒன்றை அனுப்பியிருந்தார். ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளைக் கூரைக்குக் கீழால் இழுத்து, கொட்டிலில் முதல் மெஷ் பெட்டியில் குத்தினோம். ஆப் கேட்டதற்கெல்லாம் 'ஓகே' கொடுத்தோம். பிள்ளைகள் குழம்பக் கூடாதென்று முன் ரவுட்டருக்கும் மெஷ் பெட்டிகளுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாக நினைப்பு.

ஆண் பிள்ளைகள் கொட்டிலில் இருந்தார்கள். எல்லாம் இறங்கியது. பெண் பிள்ளைகள் உம்மாவோடு முன் விறாந்தையில் இருந்தார்கள். ஒன்றும் இறங்கவில்லை. வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டும், கூகுள் திறக்கும், எங்கள் கொம்பியூட்டர் மட்டும் திறக்காது. நாங்கள் என்ன முடிவுக்கு வந்தோம் தெரியுமா? போன் பழசு என்று. எங்கள் பக்கத்து வீடுகளில் புதுப் போன் மகனுக்கும், அவன் பாவித்துக் கழித்தது மகளுக்கும் போவது வழமைதானே. வெள்ளைமணலிலிருந்து நானாவின் சைக்கிளில் வந்த ஒரு பிள்ளையிடம், "உங்கட போன் சரியில்ல மகள், வீட்டில வேற போன் இருந்தா நாளைக்குக் கொண்டு வாங்க" என்று சொன்னோம். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வாப்பாவின் போனைக் கொண்டு வந்தது. அதிலும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அது வரவில்லை.

கேபிள் வேலை செய்கிற ஒரு தம்பி, அவரும் எங்களிடம் படித்தவர், வேறு அலுவலாக வந்தவர் இரண்டு போன்களை வாங்கி வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தார். கொட்டிலில் இருந்த போனின் முகவரி 192.168.68.105. விறாந்தையில் இருந்த போனின் முகவரி 192.168.1.23. சிரித்துவிட்டுச் சொன்னார்: "சேர், இந்த வீட்டில ரெண்டு ஸ்டேஷன் மாஸ்டர் இருக்காங்க. ரெண்டு பேரும் தனித்தனியா டேப்ளட் குடுக்கிறாங்க." அவருடைய வாப்பா ரயில்வேயில் இருந்தவர், பேச்சு அப்படித்தான் வரும்.

ரயில் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு டேப்ளட் தெரியும். கல்லோயாவிலிருந்து திருகோணமலைக்கு 1927இல் திறந்த பாதை ஒற்றைத் தண்டவாளம். நம் நாட்டின் ஒற்றைப் பாதைகளில் சாரதி கையில் ஒரு வட்டத் தகடு, அதுதான் டேப்ளட், இல்லாமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. இந்த முறை எப்படி வந்தது? 1874 செப்டெம்பரில் இங்கிலாந்தில் நோர்விச் நகருக்குப் பக்கத்தில் தோர்ப் என்ற இடத்தில், தந்தியில் போன ஒரு தவறான உத்தரவால், ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் இந்தக் கருவிக்குக் காப்புரிமை எடுத்தார். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கருவி, இடையில் மின்கம்பி. ஒரு பக்கத்தில் ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை இரண்டு பக்கத்திலும் வேறு தகடு வராது. கருவி இரண்டு, அதிகாரம் ஒன்று.

எங்கள் வீட்டில் அதிகாரம் இரண்டாக இருந்தது. முன் ரவுட்டர் தன்னிடம் வந்த போன்களுக்கு ஒரு வரிசையில் முகவரி கொடுத்தது. மெஷ் பெட்டி தானும் ஒரு ரவுட்டர் என்று நினைத்துக்கொண்டு வேறு வரிசையில் கொடுத்தது. ஒரே பெயரில் இரண்டு ஊர்.

பெட்டி ஏன் அப்படி நினைக்கிறது? அதற்குக் காரணம் ஒரு தட்டுப்பாடு. இன்டர்நெட்டின் முகவரி முறையை 1970களின் பிற்பகுதியில் வின்ட் சேர்ஃப் போன்றவர்கள் அமைத்தபோது முகவரிக்கு 32 பிட் போதும் என்று வைத்தார்கள். கணக்குப் போட்டால் சுமார் 429 கோடி முகவரிகள். ஆராய்ச்சிக்கூடங்கள் சிலவற்றை இணைக்கிற பரிசோதனைக்கு அது தாராளம். 1990களில் உலகமெல்லாம் கொம்பியூட்டர் வாங்கத் தொடங்கியதும் இது காணாது என்று தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். ஒரு வீட்டுக்கோ கந்தோருக்கோ வெளியில் ஒரே ஒரு முகவரி, உள்ளே எத்தனை கருவியும் இருக்கலாம், வாசலில் இருக்கிற பெட்டி மாற்றி மாற்றிக் கொடுக்கும். இதைத்தான் நாட் என்கிறார்கள். உள்ளே பாவிக்க 10, 172.16, 192.168 என்று தொடங்கும் இலக்கங்களை 1994இல் ஒதுக்கினார்கள். உலகத்தில் பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களைத் திறந்தால் 192.168 இருப்பதற்கு அதுதான் காரணம்.

அவர்கள் தங்கள் ஆவணத்திலேயே இதைக் குறுகிய காலத் தீர்வு என்றுதான் எழுதினார்கள். சுனாமிக்குப் பிறகு போட்ட தற்காலிகக் கொட்டில்களில் ஆட்கள் எத்தனை வருஷம் இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும்தானே. நாட்டும் அப்படித்தான். 2011 பெப்ரவரி 3ஆம் திகதி உலகக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளையும் பகிர்ந்து முடித்தார்கள். ஏப்ரலில் ஆசியப் பசிபிக் பிராந்தியத்துக்கு வழமையான விநியோகம் நின்றது. தற்காலிகக் கொட்டில் கல்வீடாகிவிட்டது. இப்போது சில இடங்களில் கம்பெனிகளே தங்கள் பக்கத்தில் இன்னொரு நாட் வைத்திருக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளி முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தால் நீங்களும் அந்த வரிசையில் நிற்கிறவர்தான்.

நாட் எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பில் நாங்கள் இப்படிச் சொல்வது. அந்தக் காலத்தில் சவூதியிலிருந்து வருகிற கடிதங்கள் ஊரில் ஒரு கடை முகவரிக்கு வரும். உறையில் கடையின் பெயர்தான் பெரிதாக இருக்கும். யாருடைய கடிதம் எது என்று கடைக்காரருக்குத் தெரியும், பிரித்துக் கொடுப்பார். அந்தக் கடைக்குள் இன்னொரு கடையை வைத்து, அதற்கும் ஒரு கடைக்காரரை இருத்திப் பாருங்கள். உள்கடையில் இருக்கிறவர் வெளியே கடிதம் போடலாம், பதிலும் வரும். இரண்டு கைமாறும், அவ்வளவுதான். ஆனால் வெளிக்கடையில் நிற்கிற ஒருவர் உள்கடையில் இருக்கிற ஆளைப் பெயர் சொல்லித் தேடினால், வெளிக்கடைக்காரர் "அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது" என்பார். விறாந்தையில் நடந்தது அதுதான். பழைய கொம்பியூட்டர் உள்கடையில். பெண் பிள்ளைகள் வெளிக்கடையில். போனில் ஒரு குற்றமும் இல்லை.

இன்னொரு தொல்லைக்கும் அன்றைக்கு விடை கிடைத்தது. விறாந்தையில் சூம் வகுப்பில் இருந்தபடி கொட்டிலுக்கு நடந்தால், நடுவில் 'ரீகனெக்டிங்' என்று வந்து நிற்கும். பெயர் ஒன்றென்பதால் போன் பேசாமல் முன் ரவுட்டரிலிருந்து மெஷ்ஷுக்குத் தாவிவிடும். தாவியதும் முகவரி மாறிவிடும். முகவரி மாறினால் நடந்துகொண்டிருந்த உரையாடல் அறுந்துதான் தொடங்க வேண்டும். வேகம் காணாது என்று நாங்கள் கூடிய பெக்கேஜுக்கு மாற இருந்தோம்!

ஆக்சஸ் பொயின்ட் மோட் என்பதை ஆப்பில் ஏதோ கூடுதல் வசதி மாதிரித்தான் காட்டுவார்கள். அது வைஃபைப் பெட்டியின் பிறவித் தொழில். 1971இல் ஹவாய் தீவுகளில் பல்கலைக்கழகக் கொம்பியூட்டரோடு வெவ்வேறு தீவுகளில் இருந்தவர்கள் பேச வேண்டியிருந்தது. நோர்மன் ஏப்ரம்சனின் குழு தொலைபேசிக் கம்பியை நம்பாமல் வானொலி அலையில் அதைச் செய்தது. அலோஹாநெட் என்று பெயர். அதைப் படித்த றொபர்ட் மெட்காஃப் 1973இல் அதே எண்ணத்தைக் கம்பிக்குள் கொண்டுவந்தார். அலைகள் பரவும் ஊடகமென்று பழைய விஞ்ஞானிகள் நம்பிய ஈதரின் பெயரால் அதற்கு ஈதர்நெட் என்று பெயர் வைத்தார். நீங்கள் ரவுட்டரில் குத்துகிற லேன் கேபிள் அந்த வழியில் வந்தது. காற்றில் பிறந்த எண்ணம் கம்பிக்குப் போனது.

திரும்பக் காற்றுக்கு வந்தது 1985க்குப் பிறகு. அமெரிக்கா அந்த வருஷம் சில அலைவரிசைகளை லைசன்ஸ் இல்லாமல் இப்படிப்பட்ட கருவிகளுக்கும் திறந்துவிட்டது. அதில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிற 2.4 கிகாஹேர்ட்ஸும் ஒன்று. நெதர்லாந்தில் என்சிஆர் கம்பெனிக்காரர்கள் கடைகளின் காசுப் பெட்டிகளைக் கம்பியில்லாமல் இணைக்கப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ் தலைமையில் இருந்த குழு 1997இல் 802.11 என்ற தரத்தை முடித்தது. அந்தத் தரத்தில் ஆக்சஸ் பொயின்ட் என்பது ஒரு பாலம். ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் கம்பி. முகவரி கொடுக்காது, கணக்கு வைக்காது, வந்ததை அப்படியே மறுபக்கம் கடத்தும். 1999இல் வைஃபை என்ற பெயரும் வந்தது, அப்பிளின் எயார்போர்ட் பெட்டியும் வந்தது. வீட்டில் வேறு ரவுட்டர் இருக்காதென்ற எண்ணத்தில் முகவரி கொடுக்கும் வேலையையும் நாட்டையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள். அன்றைக்கு அது சரி. இன்றைக்குக் கம்பெனி தருகிற பெட்டியும் அப்படி, நாம் வாங்குகிற பெட்டியும் அப்படி. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் நிற்கிற கதை.

கடத்துவது மட்டும் செய்கிற நிலையம் என்றால் எங்கள் ஊர்ப்பக்கத்துக்குப் புதிதல்ல. 1980களிலிருந்து 2010களின் தொடக்கம்வரை ஜேர்மனியின் டொய்ச்ச வெல வானொலிக்குத் திருகோணமலையில் ஒரு அஞ்சல் நிலையம் இருந்தது. நிகழ்ச்சி தயாரிப்பது ஜேர்மனியில். இங்கிருந்த கோபுரங்கள் அதை வாங்கி ஆசியாவுக்கு அனுப்பின. அங்கிருந்த யாரும் இடையில் புதுச் செய்தி சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அது அஞ்சல் நிலையமல்ல.

இன்னும் பழைய உதாரணமும் உண்டு. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானத்தின் கப்டன் பேர்ச்சோல், ஜப்பானியக் கப்பல்படையைக் கண்டு வானொலியில் அறிவித்தார். அப்படியிருந்தும் மறுநாள் கொழும்பில் எச்சரிக்கை சரியான இடத்துக்குப் போகவில்லை. இரத்மலானையில் போர்விமானங்கள் தரையில் நிற்கும்போதே குண்டு விழுந்தது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9, திருகோணமலை. எலிசபெத் முனையில் இருந்த ரேடார் தூரத்திலேயே கண்டது, செய்தி சீனன்குடாவுக்கு வந்தது, 261ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் விமானங்கள் மேலே எழும்பியிருந்தன. அதனால் தாக்குதல் நின்றுவிடவில்லை. துறைமுகமும் விமானத்தளமும் அடிபட்டன, எண்ணெய்க் குதமொன்று எரிந்தது, ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. ஆனாலும் கொழும்பைப் போல் தரையில் வைத்துப் பிடிபடவில்லை. பார்க்கிறவர் பார்த்தார், கடத்துகிறவர் கடத்தினார், முடிவெடுக்கிறவர் எடுத்தார். ரேடார்க்காரர் தானே விமானம் ஓட்டப் போகவில்லை. அந்தக் கம்பிகள் ஒன்றும் எங்கள் வீடுகளுக்காக இழுக்கப்பட்டவையல்ல என்பது வேறு கதை. கடற்படைக்கு, விமானப்படைக்கு, எண்ணெய்க்கு. ஊருக்குக் கம்பி வந்தது ரொம்பப் பிந்தி.

சரி, தம்பி என்ன செய்தார் என்று சொல்கிறோம். மெஷ் ஆப்பைத் திறந்து, மேல்மட்ட அமைப்புகளுக்குள் போய், ரவுட்டர் என்று இருந்ததை ஆக்சஸ் பொயின்ட் என்று மாற்றினார். பெட்டிகள் ஒருதரம் அணைந்து எரிந்தன. அவ்வளவுதான். இப்போது முகவரி கொடுப்பது முன் ரவுட்டர் மட்டும். மெஷ் பெட்டிகளே அதனிடம் கையேந்தித் தங்களுக்கு முகவரி வாங்கின. எல்லாப் போனும் 192.168.1 வரிசைக்கு வந்தன. பழைய கொம்பியூட்டரின் இலக்கம் நாளுக்கு நாள் மாறாமல் இருக்க, முன் ரவுட்டரில் அதற்கென்று 192.168.1.50ஐ ஒதுக்கி வைத்தார். கரும்பலகையை அழித்து எழுதினோம்.

மறுவழியும் உண்டு. கம்பெனி ரவுட்டரைப் பாலமாக்கிவிட்டு மெஷ்ஷை ரவுட்டராக விடலாம். ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் லேண்ட் போனும் டிவியும் அந்தப் பெட்டியில்தான் தொங்குகின்றன, உள்ளே போகும் பாஸ்வேர்டும் நம் கையில் இருக்காது. அதனால் வேண்டாம். ஆக்சஸ் பொயின்டாக்கினால் ஒரு நட்டம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு போடுகிற வசதி சில மெஷ் செட்களில் அந்த மோட்டில் வேலை செய்யாது. சில செட்கள் அந்த மோட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டியையே ஏற்காது. வாங்க முன் பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

கேபிளில்தான் நாங்கள் கூடுதலாகப் பிழை விட்டிருந்தோம். மலிவென்று வாங்கியது அலுமினியத்தில் செம்பு பூசிய கம்பி. வளைத்த இடத்தில் முறிந்திருந்தது. உள்ளே எட்டுக் கம்பி, நான்கு சோடி. செக்கனுக்கு ஆயிரம் மெகாபிட் ஓட நான்கு சோடியும் வேண்டும். செம்மஞ்சளும் பச்சையும் மட்டும் சரியாக இருந்தால் நூறோடு நின்றுவிடும், வேலை செய்கிற மாதிரியே இருக்கும், சந்தேகமே வராது. முழுச் செம்புக் கேபிள், வெளியால் போகிற இடத்தில் வெயில் தாங்குகிற கறுப்புத் தோல் போட்டது, பிவிசி குழாய்க்குள். ஒரு ஓட்டத்தில் நூறு மீற்றருக்கு மேல் இழுக்கக் கூடாது. நடு அறைப் பெட்டிக்கும் தனிக் கேபிள் கொடுத்தோம். சுவரும் தகரமும் தாண்டிக் காற்றில் கடத்தும்போது பாதி வேகம் வழியிலேயே போய்விடுகிறது.

ஒரு பெட்டிக்கு இரண்டு கேபிள் கொடுத்தால் இரட்டை வேகம் வருமென்று நாங்கள் கேட்டோம். தம்பி தலையில் கைவைத்தார். வட்டமாகிவிட்டால் ஒரு செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி வீட்டு வலையமைப்பையே முடக்கிவிடும். இதற்கு 1985இல் ரேடியா பேர்ல்மன் என்ற பெண்மணி ஒரு வழி கண்டுபிடித்தார். வட்டம் இருந்தால் ஒரு கிளையைத் தானாக மூடி, வலையமைப்பை மரமாக்கிவிடும். பெரிய கந்தோர் சுவிட்ச்களில் அது இருக்கும். கடையில் வாங்குகிற மலிவுச் சுவிட்ச்சில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஒரு பெட்டிக்கு ஒரு கேபிள்.

மாரியில் இடி மின்னலுக்குக் கொட்டிலுக்குப் போகிற கேபிளை இரண்டு பக்கமும் கழற்றிவிடுவோம். இரண்டு கட்டடத்துக்கு இடையில் போகிற செம்புக் கம்பி மின்னலுக்கு நல்ல பாதை. வசதியுள்ளவர்கள் அந்தத் துண்டுக்குப் பைபர் போடலாம்.

மாற்றி முடித்த அன்று பின்நேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெள்ளைமணலுக்குப் போனோம். அந்தப் பிள்ளையின் உம்மாதான் கதவைத் திறந்தா. "போன் சரியில்லையாம், புதுசு வாங்க எங்களுக்கு வழியில்ல சேர்" என்றா. போனில் பிழையில்லை, பிழை எங்கள் வீட்டுக் கம்பியில், நாங்கள்தான் தெரியாமல் பேசிவிட்டோம் என்று இருவரிடமும் சொன்னோம். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அதே பழைய போனோடு விறாந்தையில் வந்து இருந்தது. புவியியல் வினாத்தாள் பத்து வருஷத்தையும் இறக்கிக்கொண்டு, போகும்போது உம்மாவிடம் மட்டும் சலாம் சொல்லிவிட்டுப் போனது. எங்களைப் பார்த்துச் சிரிக்க அதற்கு இன்னும் இரண்டு கிழமை எடுத்தது.

மெசேஜ் போட்ட பிள்ளைக்கு: ஆக்சஸ் பொயின்ட் மோட்டில் போடுங்கள், முன் ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிடுங்கள் அல்லது அதே பெயர் வையுங்கள், இனிப் பிரச்சினை வராது. எங்களிடம் நல்ல கேபிள் நாற்பது மீற்றர் அளவில் மிச்சமிருக்கிறது. சீனன்குடாப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். ஆர்ஜே 45 அடிக்கிற ஆயுதமும் வீட்டில் இருக்கிறது, ஆனால் அதைத் திருப்பித் தர வேண்டும்.